அப்பா றோட்டைக் கடக்கும் நேரம்

வந்தாறுமூலை
14 ஆகஸ்ட் 2008

அன்பான துசா அக்காவுக்கு,

பெரியம்மா வீட்டுப் பின்னறையில் அடைபட்டிருக்கும் உங்கள் தம்பி தேனுஜன் எழுதுவது. வந்து ஆறுகிற மூலை என்றுதான் இந்த ஊருக்குப் பேர் வந்திருக்க வேண்டும். நான் வந்தேன், ஆறவில்லை, மூலை மட்டும் கிடைத்திருக்கிறது.

பெரியப்பா கேற்றைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போகிறார். பெரியம்மா முற்றத்துக்கும் விடுவதில்லை. "பொடியன்மாரப் புடிக்கிற காலம் மனே, கிணத்தடிக்குப் போறெண்டாலும் என்னட்டச் சொல்லிற்றுப் போ" என்கிறா. யன்னலால் பார்த்தால் கம்பஸ் மதில் தெரிகிறது. அந்தப் பக்கம் படிக்கிறவர்கள், இந்தப் பக்கம் படி தாண்டாதவன்.

மரக்கறி வானில் என்னை ஒளித்து ஏற்றும்போது நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றீர்கள். அதனால் என் பக்கத்து நியாயத்தை ஒருதரம் முழுதாக எழுதுகிறேன். கடிதத்தில் குறுக்கே பேச உங்களால் முடியாது, அது ஒரு வசதி.

சுனாமி அம்மாவையும் கடற்கரை வீட்டையும் கொண்டுபோன பிறகு நமக்கு வீடு தந்தது வாவிப் பக்கத்தில். அப்பாவின் கரைவலையும் வலை வைக்கிற வாடியும் கடல் பக்கத்தில். நடுவில் கல்முனை றோட்டு. அந்தத் தண்ணீரில் மண் அடித்து ஒரு கண் மங்கிப்போன மனிதர், தினமும் பொழுது படுகிற நேரம் மீன் கூடையோடு அந்த றோட்டைக் கடக்கிறார். அங்கிருந்து ஒரு லொறி முழு லைற்றோடு வரும். இங்கிருந்து ஒரு வான் முழு லைற்றோடு வரும். இவர் நடுவில் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நிற்பார். இரண்டு தரம் விழுந்தார். "கடல் கொண்டுபோகாத ஆள லொறியா கொண்டுபோகப் போகுது?" என்று கேட்டுக்கொண்டு எழும்பினார். மூன்றாம் தரமும் கேட்பதற்கு ஆள் இருக்க வேண்டாமா?

மீனவர் சங்கத்தில் சொன்னோம். சங்கம் கேட்டது, கேட்டதோடு சரி. பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். அதே லொறிக்காரன் கல்லடியில் ஆமி காவல் நிற்கிற சென்றியைக் கண்டதும் லைற்றை டிம் பண்ணி, உள் லைற்றைப் போட்டு, பூனை மாதிரி வருகிறான். ஆகவே அப்பா கடக்கிற இடத்தில் நானே ஒரு பொய்ச் சென்றி வைத்தேன்: ஒரு தார்ப்பீப்பா, கொஞ்சம் மண்மூட்டை, மூன்று மொழியில் 'வெளிச்சத்தைக் குறைக்கவும்' என்று ஒரு பலகை. சிங்கள எழுத்தைப் படம் கீறுவது போலப் பார்த்துக் கீறினேன். ஒருத்தன் மிச்சமில்லாமல் டிம் பண்ணினானா இல்லையா? மனிதருக்கு அடங்காத வெளிச்சம் சாக்கு மூட்டைக்கு அடங்கியது!

பீப்பாவை உருட்டிப் போகும்போது ஆமி முகாம் கோப்ரல் மறித்ததும், களுதாவளைப் பிள்ளையார் கோயிலுக்குத் தண்ணீர் வைக்க என்று நான் சொன்னதும், சொல்லிவிட்டு இந்த இடைவெளிப் பல்லைக் காட்டிச் சிரித்ததும் பிழைதான். பல்லை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போக வழி இருக்கவில்லை.

பலகையைப் பிடுங்கிவிட்டார்களா? கோப்ரல் இன்னும் என்னைத் தேடுகிறானா? முகைதீன்பாவா காக்கா மரக்கறி வானில் இந்தப் பக்கம் வரும்போது பதிலைக் கொடுத்துவிடுங்கள்.

பூட்டுக்குள் இருந்து,
தேனு

*

தேற்றாத்தீவு
25 ஆகஸ்ட் 2008

தம்பி,

உன் பலகையைப் பிடுங்கவில்லை. அதற்குக் கீழே ஆமிக்காரரே வந்து குந்திவிட்டார்கள்.

பெரிய அதிகாரி ஒருவர் பொழுது படுகிற நேரம் ஜீப்பில் போயிருக்கிறார். பலகை இருக்கிறது, பீப்பா இருக்கிறது, மூட்டை இருக்கிறது, ஆள் இல்லை. முகாமுக்குப் போய் ஏசித் தள்ளியிருக்கிறார். வாடிக்கு மீன் வாங்க வருகிற சின்னப் படைக்காரன் தன் தமிழில் அப்பாவிடம் சொன்னான்: "பெரிய ஐயா கேக்கிறது, சென்றில ஆள் எங்க? அது எங்கட சென்றி இல்ல எண்டு சொல்ல எல்லாருக்கும் பயம். சரி சேர் சொல்லி, நாங்க வந்தது."

ஏச்சு விழுந்த அடுத்த நாள்தான் கோப்ரல் வீட்டுத்திட்டத்துக்கு வந்து உன்னைக் கேட்டான், அப்பா உன்னை வானில் ஏற்றினார். அதற்கு அடுத்த நாள் அவர்கள் வந்து இருந்துவிட்டார்கள்.

இப்போது நம் ஊரில் சைக்கிளை விட்டு இறங்கித்தான் போக வேண்டும். கடலால் வருகிற ஆம்பிளைகள் வரிசையில் நின்று அடையாள அட்டை காட்ட வேண்டும். முன்வீட்டு வதனியின் புருசன் அட்டையை வாடியில் மறந்துவிட்டு வந்து, இருட்டும்வரை முழங்காலில் இருந்தான். எழும்பி வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊருக்குத் தெரியும் தேனு, இது யார் வேலை என்று. ஒருவரும் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அதையும் எழுதினால் இதையும் எழுத வேண்டும். அப்பா வருகிறபோது இரண்டு பக்கமும் வாகனங்கள் லைற்றைக் குறைத்துக்கொண்டு நிற்கின்றன. அவர் கண்ணை மறைக்காமல், குனியாமல், நேரே நடந்து வருகிறார். சுனாமிக்குப் பிறகு அவர் அப்படி நடந்து நான் காணவில்லை. உனக்கு அடிப்பதா, நன்றி சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

கோப்ரல் விடவில்லை. கிழமைக்கு ஒருக்கால், "பல்லு இடம் விட்ட பொடியன் எங்க?" என்று கேட்கிறான். அதனால் வராதே. சாதாரணதரப் பரீட்சையை அங்கேயே எழுது. பெரியம்மாவோடு வாய் காட்டாதே.

அக்கா

*

வந்தாறுமூலை
12 ஒக்டோபர் 2008

அன்பான அக்காவுக்கு,

தேற்றாத்தீவு என்று பேர் வைத்த ஊரிலிருந்து தேற்றும் கடிதம் எதிர்பார்த்தது என் பிழை.

நான் வைத்த பகிடிக்குள் உண்மையான ஆட்கள் வந்து இருக்கிறார்கள் என்று வாசித்ததும் முதலில் சிரித்தேன். சிரித்ததற்கும் ஏச்சு. "பல்லக் காட்டாத மனே, அந்தப் பல்லாலதானே வந்த வினை" என்கிறா பெரியம்மா. ஆகவே இப்போது சாப்பாட்டுக்கு மட்டும் வாய் திறக்கிறேன். பெரியப்பாவின் மாடுகூடக் காலையில் வயல் வட்டைக்குப் போய்ப் புல் மேய்ந்துவிட்டுப் பின்னேரம் வருகிறது. அதைப் பார்த்து எனக்குப் பொறாமை வருகிறது. மாட்டைப் பார்த்துப் பொறாமைப்படும் அளவுக்கு வந்துவிட்டேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

பகிடியை விட்டுச் சொல்கிறேன். இந்த அறையில் காலையும் பின்னேரமும் ஒன்றுதான். வான் சத்தம் ஒன்று ஒழுங்கையில் கேட்டால், ஆள் பிடிக்க வருகிற வான் என்று பெரியம்மா என்னைக் கட்டிலுக்குக் கீழே தள்ளுகிறா. போன கிழமை அப்படித் தள்ளிவிட்டு, வந்தது பாண் விற்கிற வான் என்று தெரிந்து, பாணோடு அழுதுகொண்டு வந்தா. கட்டிலுக்குக் கீழே கிடந்து நான் யோசித்தது ஒன்றுதான்: அந்தச் சென்றி இருக்கும்வரை நான் வீட்டுக்கு வர முடியாது.

நீங்கள் தொண்டர் ஆசிரியை. எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஊராரிடம் கையெழுத்து வாங்கி, சென்றியை எடுக்கச் சொல்லிப் பெரிய இடத்துக்கு ஒரு பெட்டிசம் எழுதுங்கள். ஒருவர் எழுதினால் குற்றம், ஊர் எழுதினால் விண்ணப்பம்.

உங்கள் வீட்டு மாடு,
தேனு

*

தேற்றாத்தீவு
20 நவம்பர் 2008

தம்பி,

நீ கேட்கும் முன்பே ஊரார் கேட்டுவிட்டார்கள். தாளும் பேனையும் கொண்டு வதனியின் புருசனே வந்தான். "ரீச்சர், நீங்கதான் வடிவா எழுதுவீங்க." வாங்கி மேசையில் வைத்தேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. புதன் பின்னேரம் பெருமழை. மழைக்குச் சென்றியில் ஆள் இல்லை, மழை மூடிப் பலகையும் தெரியவில்லை. அப்பா கடல் பக்கத்தில் நிற்கிறார், நான் குடையோடு இந்தப் பக்கம். வடக்கிலிருந்து மணல் லொறி, தெற்கிலிருந்து ஒரு பெரிய ஜீப். இரண்டும் முழு வெளிச்சம். மழையில் அந்த வெளிச்சம் உடைந்து, றோட்டு முழுக்க வெள்ளைச் சுவர் மாதிரி நின்றது. "நில்லுங்கப்பா, நில்லுங்க" என்று கத்தினேன். அவர் குரல் வந்த பக்கம் நடக்கத் தொடங்கினார். என் குரலே அவரைக் கூப்பிட்டது தேனு. லொறிக்காரன் பிறேக் அடித்தான். கூடை போனது, மீன் சக்கரத்துக்குக் கீழே போனது. அப்பா மதகில் சாய்ந்துகொண்டு இருந்தார். இந்த முறை கடலையும் லொறியையும் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வதனியின் புருசன் பெட்டிசம் கேட்டு வந்தான். தலை வலிக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். இன்றைக்கும் அதையேதான் சொன்னேன்.

நான் எழுத மாட்டேன். சென்றி இருக்கட்டும். நீ அங்கே அடைபட்டிருக்கிறாய், ஆனால் இருக்கிறாய்.

அக்கா

*

வந்தாறுமூலை
1 டிசம்பர் 2008

துசாந்தினி ரீச்சருக்கு,

இருக்கிறேன் என்று அறிவித்ததற்கு நன்றி. எனக்கே சந்தேகமாக இருந்தது.

அப்பாவுக்குக் காவலாக என்னைப் பூட்டி வைத்திருக்கிறாய். என்னை மட்டுமா, ஊரையே முழங்காலில் வைத்திருக்கிறாய். பீப்பா வைத்தது நான். அதற்குப் பின்னால் துவக்கோடு ஆட்களை இருக்க விடுவது நீ. தலை வலிக்கிறதாம். வதனியின் புருசனுக்கு முழங்கால் வலிக்கவில்லையா?

அப்பா பாவம் என்று எனக்கும் தெரியும். அவருக்காக உருட்டிப் போனேன். ஆனால் நான் உருட்டியது வெறும் பீப்பா.

பதில் எழுத வேண்டாம்.

தேனுஜன்

*

தேற்றாத்தீவு
18 ஜனவரி 2009

தம்பி தேனு,

எழுத வேண்டாம் என்றாய். என்னை முதல்முதலாக 'நீ' என்றும் எழுதினாய். இரண்டையும் வாசித்தேன். முதலாவதைக் கேட்கவில்லை, இரண்டாவதை மன்னித்தேன். ஆனால் முழங்கால் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு பின்னேரங்களில் அந்த வரிசையைப் பார்க்காமல் உள்ளே போக என்னால் முடியவில்லை.

உன் கடிதம் கொண்டுவந்த முகைதீன்பாவா காக்காவைப் பிடித்துக் கேட்டேன்: "சென்றிக்கு டிம் பண்ணுற நீங்க, றோட்டால போற மனிசனுக்கு ஏன் காக்கா பண்ணுறல்ல?"

அவர் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி, சென்றிக்குப் பண்ணாட்டிச் சுடுவானுகள். உங்கட வாப்பாக்குப் பண்ணாட்டி எனக்கு ஆரு என்ன செய்யப் போறா? எதிர்ல வாறவன் முழு லைற்றுல வாறான். நான் மட்டும் டிம் பண்ணினா நான்தான் குருடன். அவன் பண்ணட்டும், நான் பண்ணுறன்."

"அவரும் இதைத்தானே சொல்லுவார்?"

"ஓம்! அதானே நானும் சொல்றன்."

தன் வாயால் தன்னையே மடக்கிவிட்டு, அதற்கே சிரித்தார். நல்ல மனிதர். உன்னை ஒளித்துக் கொண்டுபோனவர். அவரே இப்படியென்றால், நல்ல மனதை நம்பி அப்பாவை றோட்டில் இறக்க முடியாது. எல்லாரும் ஒருமிக்கக் குறைத்தால்தான் ஒருவன் குறைப்பான். அதற்குத்தான் சட்டம் வேண்டும் என்கிறேன். எதிரே வாகனமோ ஆளோ வந்தால் வெளிச்சத்தைக் குறை, குறைக்காவிட்டால் தண்டம். துவக்கு வேண்டாம், முழங்கால் வேண்டாம்.

பெட்டிசம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரே தாளில் இரண்டு கேட்டேன்: சென்றியை எடுங்கள், லைற்றைக் குறைக்காத சாரதிக்குத் தண்டம் போடுங்கள். இரண்டாவதை ஊரார் வெட்டச் சொன்னார்கள். "ஒண்ணக் கேட்டாத்தான் தருவானுகள் ரீச்சர்." நான் வெட்டவில்லை.

அப்பாவிடம் வலையை விடச் சொல்லியும் பார்த்தேன். "வலைய விட்டுற்று நான் எதப் புடிச்சுக்கொண்டிருக்க?" என்றார்.

அக்கா

*

வந்தாறுமூலை
2 ஜூன் 2009

அன்பான அக்காவுக்கு, மன்னித்தவருக்கு, நீங்கள் ஆகிய உங்களுக்கு,

எழுத வெட்கமாக இருந்ததால் பிந்திவிட்டது. எனக்கு வெட்கம் வருவதற்கு இத்தனை மாதம் எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

சண்டை முடிந்துவிட்டது என்று றேடியோ சொன்ன அன்று பெரிய றோட்டில் பட்டாசு கேட்டது. நம் ஒழுங்கையில் ஒரு கதவும் திறக்கவில்லை. பெரியப்பா கேற்றடிக்குப் போய்த் திறப்பைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து சாய்மனைக் கதிரையில் இருந்துவிட்டார். "இனித் திறக்கலாந்தானே?" என்று கேட்டேன். "பொறு மனே, முடிஞ்சதெண்டு முடிச்சவனுக்கும் தெரியட்டும்" என்றார்.

உங்கள் சட்டத்தைப் பற்றி யோசித்தேன், எனக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒன்று ஏற்கெனவே இருக்கும் என்கிறார் பெரியப்பா. இருந்தால் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது? அதைச் சொல்லி ஒரு சாரதியை மறித்ததை நானும் நீங்களும் கண்டதில்லை. புதிதாகப் போட்டாலும் பார்க்க ஒருத்தன் றோட்டில் நிற்க வேண்டும். அவனுக்கும் சனம் பயப்பட வேண்டும். தொப்பி மட்டும்தானே மாறும் அக்கா?

ஆனாலும் வெட்டாமல் விட்டீர்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்கள் தோற்கிற பக்கத்தில் நின்று விவாதிக்கும்போது உங்கள் எழுத்து இன்னும் வடிவாக இருக்கிறது.

சென்றியை எடுக்கிற கதை ஏதும் உண்டா? எனக்கு மீசை வந்திருக்கிறது. ஆள் அடையாளம் மாறியிருக்கும் என்று நம்பினேன். பெரியம்மா கண்ணாடியைக் காட்டினா. மீசைக்குக் கீழே பல் அப்படியே இருக்கிறது.

தேனு

*

தேற்றாத்தீவு
27 செப்ரெம்பர் 2009

தேனு,

எடுத்துவிட்டார்கள். வா.

வெள்ளிக்கிழமை விடியப் பார்த்தால் ஆள் இல்லை. மத்தியானத்துக்குள் மண்மூட்டையெல்லாம் காணாமல் போனது. மண்ணைக் கொட்டிவிட்டுச் சாக்கை நெல்லுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் நம் சனம். உன் பலகை யார் வீட்டு அடுப்புக்குப் போனதோ தெரியாது. பொழுது பட வதனியின் புருசன் சைக்கிளில் இருந்து இறங்காமல் அந்த இடத்தைக் கடந்தான். திரும்பி வந்து இன்னொரு தரம் கடந்தான். சும்மா.

போவதற்கு முதல் நாள் கோப்ரல் வாடிக்கு வந்தான். அப்பாவும் நானும் மீன் பிரித்துக்கொண்டு இருந்தோம். மீன் வாங்கினான், போகவில்லை. பிறகு சொன்னான்:

"அந்தப் பொடியன வரச் சொல்லுங்க. அடிக்க இல்ல நான் தேடினது. அந்த பொய் சென்றி செஞ்சது ஆர் எண்டு தெரிஞ்ச ஆள் அவன், மறுகா நான். பீப்பா உருட்டினத நான் கண்டதுதானே? பெரிய ஐயா ஏசக்குள்ள நான் வாய் திறக்கல்ல. அவன் எங்கயாவது சொல்லிச் சிரிச்சா, எனக்கு வேல இல்ல. சொல்ல வேணாம் எண்டு சொல்லத்தான் தேடினது."

அப்பா அவனுக்கு இன்னும் இரண்டு மீன் போட்டுக் கொடுத்தார். அவன் போன பிறகு மிச்ச மீனைப் பிரித்துக்கொண்டே, "இவனும் நம்மளப் போலத்தான் கிடந்திருக்கான்" என்றார்.

இன்னொரு செய்தி. எனக்கு நிரந்தர நியமனம் வந்திருக்கிறது. வாகரைப் பள்ளிக்கூடம். அடுத்த திங்கட்கிழமை போக வேண்டும், அங்கேயே தங்க வேண்டும். பெட்டிசத்துக்கு ஒரு பதிலும் வரவில்லை. சென்றி எடுத்தது நம் பெட்டிசத்தாலும் இல்லை. வெள்ளி பின்னேரமே முழு லைற்றோடு ஒரு லொறி போனது. நான் அப்பாவின் கையைப் பிடித்திருந்தேன்.

உன்னைத் திறந்துவிட்ட கையோடு வேலையும் தருகிறேன். என்னோடு கோபிக்காதே.

அக்கா

*

தேற்றாத்தீவு
15 நவம்பர் 2009

வாகரை ரீச்சர் அக்காவுக்கு,

ஒரு வருடத்துக்கு மேல் நான் அவனுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவனோ என் வாய்க்குப் பயந்து இருந்திருக்கிறான். இதைவிடப் பெரிய பகிடியை என்னால் வைக்க முடியாது. இனி முயற்சி செய்வதில்லை.

இங்கே பூட்டு இல்லை, கேற்றே இல்லை. காலையில் எழும்பி வாவிக்கரையால் கால் போன போக்கில் போகிறேன். ஒருவரும் கட்டிலுக்குக் கீழே தள்ளுவதில்லை. ஆனால் பொழுது படுகிற நேரம் பொடியன்மார் பந்தடிக்கக் கூப்பிட்டால் போக முடியாது. அந்த நேரம் எனக்கு றோட்டு.

முதல் கிழமைகளில் அதிசயம் நடந்தது. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் மண். ஆனாலும் பழைய லொறிக்காரர் அங்கே வந்ததும் டிம் பண்ணி, உள் லைற்றையும் போட்டார்கள். கை தானாகப் போகிறது. நான் றோட்டோரம் நின்று கையை உயர்த்தினால் இன்னும் நல்லாகக் குறைத்தார்கள். முகைதீன்பாவா காக்கா டிம் பண்ணிவிட்டு, என்னைக் கண்டதும், "அட, நீயாடா? உனக்கா நான் பயந்தன்?" என்று ஏசிக்கொண்டு போனார்.

இப்போது குறைந்து வருகிறது. ஒவ்வொருவராக மறக்கிறார்கள். தெற்கிலிருந்து வருகிற புது பஸ்களுக்கு இங்கே ஒன்று இருந்ததே தெரியாது. சனத்துக்குப் பயம் போவது நல்லதுதானே அக்கா? நல்லதுதான். அதைப் பார்த்து எனக்குப் பயம் வருகிறது. தொப்பி மட்டும் மாறும் என்று எழுதினேன் அல்லவா? ஒரு தொப்பியாவது வந்து நிற்கட்டும் என்று இப்போது சில நாளில் தோன்றுகிறது. நீங்கள் வென்றீர்கள் என்று எழுத மாட்டேன். பாதி வென்றீர்கள்.

நேற்று நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்பா கடல் பக்கத்தில் கூடையோடு நிற்கிறார். நான் இந்தப் பக்கம். ஒரு மணல் லொறி முழு வெளிச்சத்தில் வந்தது. கையைக் காட்டினேன். சாரதி நிறுத்தித் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன தம்பி, கையக் காட்டுறாய்? சென்றியெல்லாம் எடுத்தாச்சிதானே?"

"ஓம் அண்ணே, எடுத்தாச்சி. லைற்ற மட்டும் கொஞ்சம் டிம் பண்ணுங்க."

"ஏன், சட்டமா?"

வழக்கமாக எனக்கு இப்படியான கேள்விக்கு வாய் நிறையப் பதில் வரும். நேற்று அந்தப் பக்கம் கையை நீட்டினேன்.

"இல்லண்ணே. எங்கட அப்பா."

அவர் பார்த்தார். லைற்றைக் குறைத்தார். அப்பா காலை எடுத்து வைத்தார். அந்த நேரம் பார்த்து லொறிக்குப் பின்னால் நின்ற பஸ் பொறுமை இல்லாமல் அதை விலத்திக்கொண்டு முழு வெளிச்சத்தில் வெளியே வந்தது. நான் கத்தவில்லை. கத்தினால் அவர் குரல் வந்த பக்கம் வருவார் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். ஓடிப்போய்த் தோளைப் பிடித்து, நடு றோட்டில் அவரை லொறியோடு ஒட்டி நிறுத்திக்கொண்டு நின்றேன். பஸ்ஸின் காற்று என் சட்டையை இழுத்தது. போனது.

இந்தக் கரைக்கு வந்து கூடையை இறக்கி வைத்த பிறகு அப்பா கேட்டார்: "ஆர் மனே அது?"

"கல்முனை பஸ்ஸப்பா. கண் மண் தெரியாம ஓடுறான்."

"அவனில்ல. லைற்றக் குறைச்ச ஆள் ஆரெண்டு கேக்கன்."

பேர் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டிருக்கோணும்" என்றார்.

நாளைக்கும் அந்த நேரம் அங்கேதான் நிற்பேன்.

உங்கள் தம்பி,
தேனு